கத்தரிச் செடி பச்சையாகவே வாடுகிறது – சூடோமோனாஸ் தூள் போட்டால் பிழைக்குமா?

பொங்கோல்_கத்தரி
ஞாயிறு, காலை 8:40

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் இரண்டு பாத்தி பார்த்துக்கொள்கிறேன். டிசம்பர் மழை தொடங்கியதிலிருந்து கத்தரிச் செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. 14 செடி வைத்தேன். 5 போய்விட்டன, ஆறாவது நேற்று மதியம் தலையைத் தொங்கப்போட்டது. இலையில் மஞ்சள் இல்லை, புள்ளி இல்லை, பூச்சியும் இல்லை. பச்சையாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டுவிடுகிறது. முதல் நாள் சாயங்காலம் கொஞ்சம் நிமிர்கிறது, மூன்றாம் நாள் முடிந்துவிடுகிறது. பிஞ்சோடு நிற்கிற செடியைப் பிடுங்கிப் போட மனசு வரவில்லை.

தஞ்சாவூரில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன், "சூடோமோனாஸ் தூளைத் தண்ணியில கரைச்சு வேர்ல ஊத்து, அது நல்லது செய்யிற பாக்டீரியா" என்று வாட்ஸ்அப்பில் சொன்னார். ஒரு கிலோ அனுப்பட்டுமா என்றும் கேட்கிறார். வாடிய செடி பிழைக்குமா? மீதி எட்டையாவது காப்பாற்றுமா? பிள்ளைகள் கை வைக்கிற தோட்டத்தில் பாக்டீரியாவை ஊற்றலாமா?

உட்லண்ட்ஸ்_மண்வெட்டி
ஞாயிறு, காலை 9:15

தங்கச்சி, மருந்தைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல தண்ணியைப் பாரு. நான் ஜொகூர் எஸ்டேட்ல வளர்ந்தவன். மழை மாசத்துல செடி செத்தா எங்கப்பா முதல்ல வாய்க்காலைத்தான் பார்ப்பாரு. உன் பாத்தி தரைமட்டத்துல இருக்கா, மேடா இருக்கா? ஒரு குழி தோண்டி ஒரு வாளி தண்ணி ஊத்து. அரை மணி நேரம் கழிச்சும் நின்னா அந்த இடத்துல எந்தத் தூளைப் போட்டும் பிரயோசனம் இல்ல.

இன்னொண்ணு, பழைய மண்ணை அப்படியே திரும்பப் போடாதே. எங்க வீட்டுல பழைய மண்ணைப் பெரிய சட்டியில போட்டு வறுத்துத்தான் விதை போடுவோம். இருக்கிற கிருமி எல்லாம் போயிடும்.

அங்மோகியோ_வெற்றிலை
ஞாயிறு, காலை 10:02

அக்கா, என் வெற்றிலைக்கொடி இரண்டு தடவை அடியழுகிப் போனது. மூன்றாவது தடவை டிரைக்கோடெர்மா பாக்டீரியா போட்டேன், இன்றுவரை நன்றாக இருக்கிறது. மாதம் ஒருமுறை பஞ்சகவ்யமும் ஊற்றுகிறேன். அதிலும் நன்மை செய்யும் நுண்ணுயிர் நிறைய இருக்கிறது. தைரியமாக ஊற்றுங்கள்.

வேர்_கண்
ஞாயிறு, மதியம் 1:30

நான் கோயம்புத்தூரில் பயிர் நோயியல் படித்துவிட்டு இப்போது லிம் சூ காங் பக்கம் ஒரு காய்கறிப் பண்ணையில் வேலை செய்கிறேன். அக்கா எழுதியதைப் படித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. எதையும் ஊற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

நேற்றுச் சாய்ந்த அந்த ஆறாவது செடியை வேரோடு எடுங்கள். தண்டின் அடிப்பாகத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். தெளிவான தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தம்ளரில், வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் படும்படி அதை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டக் கூடாது. ஐந்து பத்து நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல வெள்ளையாக ஏதாவது கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அது பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியா சொலானசியாரம். செடியின் நீர்க்குழாய்க்குள் கோடிக்கணக்கில் பெருகி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இலை பச்சையாக இருக்கும்போதே செடி தாகத்தால் விழுகிறது.

எதுவும் இறங்காமல் தண்டின் உள்பக்கம் பழுப்பாக மட்டும் இருந்தால் ஃபியூசேரியம் வாடலாக இருக்கலாம். ஆனால் அது பொதுவாகக் கீழ் இலையிலிருந்து மஞ்சளாகி மெதுவாக ஏறும். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. வேர் கருத்து, இழுத்தால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் வந்தால் பித்தியம் அழுகல். இந்த நான்கிற்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. பெயர் தெரியாமல் தூள் போடுவது, காய்ச்சல் என்றதும் கையில் கிடைத்த மாத்திரையை விழுங்குவது மாதிரி.

வெற்றிலை நண்பருக்கு ஒரு திருத்தம். டிரைக்கோடெர்மா பாக்டீரியா அல்ல, பூஞ்சை. நல்ல பூஞ்சைதான், கெட்ட பூஞ்சையைச் சுற்றி வளைத்துத் தின்னும். வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டியதற்குக் காரணம், பூஞ்சைக்கொல்லி தெளித்தால் அதுவும் சேர்ந்து செத்துப்போகும். பாக்டீரியாத் தூள் பெரும்பாலான பூஞ்சைக்கொல்லியைத் தாங்கிவிடும், ஆனால் தாமிர மருந்து பட்டால் போய்விடும்.

பொங்கோல்_கத்தரி
ஞாயிறு, மாலை 6:20

செய்தேன் தம்பி. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஊதுவத்திப் புகையைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல வெள்ளை நூல் இறங்கியது. என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, அது எல்லாமே பாக்டீரியாவா?" என்றாள். வயிறு கலங்கிவிட்டது.

ஐயா சொன்னபடி குழி தோண்டி வாளித் தண்ணீரும் ஊற்றினேன். முக்கால் மணி நேரம் நின்றது.

வேர்_கண்
ஞாயிறு, இரவு 9:05

அப்படியானால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாய்ந்த செடி எதனாலும் பிழைக்காது. சூடோமோனாஸ் இல்லை, பேசில்லஸ் என்ற இன்னொரு நல்ல பாக்டீரியாவும் இல்லை, எந்த மருந்தும் இல்லை. நோய் குழாய்க்குள் இருக்கிறது, நாம் ஊற்றும் பாக்டீரியா பெரும்பாலும் வேரின் வெளித்தோலில் வாழ்கிறது. உள்ளே போய்ச் சண்டை போட அதற்கு வழி கிடையாது.

மீதி எட்டில் சிலவற்றுக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கும். நல்ல பாக்டீரியா ரால்ஸ்டோனியாவைக் குறைக்கும் என்று காட்டிய சோதனைகள் உண்டு, வயலில் போட்டுப் பலன் தராமல் போனவையும் உண்டு. கடுமையாகப் பரவியிருக்கும் பாத்தியில் அதை மட்டும் நம்பாதீர்கள்.

இன்று இரவு செய்யக்கூடியது இதுதான். சாய்ந்த செடியை வேரோடும் அதைச் சுற்றிய மண்ணோடும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழிக்குள் போடாதீர்கள். கத்தரிக்கோலையும் மண்வெட்டியையும் கழுவி, ஆல்கஹால் கரைசலால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பாத்திக்குப் போக வேண்டும். நோய் வந்த பாத்தியிலிருந்து வழிந்த தண்ணீர் நல்ல பாத்திக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நோய் தண்ணீரிலும் கருவியிலும் காலணியிலும்தான் நடந்துபோகிறது.

உட்லண்ட்ஸ்_மண்வெட்டி
திங்கள், காலை 7:10

தம்பி சொல்றது சரி. ஆனா அப்போ இந்த நல்ல பாக்டீரியாங்கிறது எதுக்கு? ஊர்ல இவ்வளவு பேர் போடுறாங்களே. சும்மாவா போடுறாங்க?

வேர்_கண்
திங்கள், இரவு 10:40

ஐயா, சும்மா இல்லை. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கே நேரம் போவது தெரியாது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

செடி வெயிலில் சமைக்கும் உணவில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணுக்குள் கசியவிடுகிறது. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் எல்லாம் அதில் உண்டு. அதனால் வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் மட்டும் நுண்ணுயிர்க் கூட்டம் நெரிசலாக இருக்கும். ஜெர்மனியின் லோரன்ஸ் ஹில்ட்னர் 1904-இல் அந்த இடத்துக்கு ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்தார். தமிழில் வேர்மண்டலம் என்போம்.

நம்மிடம் "பந்திக்கு முந்து" என்று ஒரு சொல் உண்டே, வேர்மண்டலத்தில் நடப்பது அதுதான். முதலில் உட்கார்ந்தவனுக்குத்தான் இலை. நல்ல பாக்டீரியா வேரின் இடுக்குகளில் முதலில் உட்கார்ந்துவிட்டால், பின்னால் வரும் பித்தியத்துக்கும் ஃபியூசேரியத்துக்கும் உணவும் கிடைக்காது, இடமும் கிடைக்காது. இதுதான் முதல் வேலை. இரண்டாவது, அவை எதிர்ப்பொருள் சுரக்கின்றன. பேசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் இடுரின், ஃபென்ஜிசின் போன்றவை பூஞ்சையின் செல்சவ்வை ஓட்டையாக்கும். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் வேறு நஞ்சுகள் வைத்திருக்கிறது. மூன்றாவது, இரும்பு. சூடோமோனாஸ் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் சிடரோஃபோர் என்ற பொருளை வெளியே விட்டு, கிடைக்கிற இரும்பையெல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும், எதிரி பட்டினி கிடப்பான். கல்லூரி ஆய்வகத்தில் அந்த பாக்டீரியாவை வளர்த்த தட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். அந்த ஒளி அந்தப் பொருளிலிருந்துதான் வருகிறது. முதல் தடவை பார்த்த அன்று விடுதிக்குத் திரும்பவே மனமில்லை.

இங்கே ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சண்டை, இரும்பு குறைவாகக் கிடைக்கும் மண்ணில்தான் நன்றாக எடுபடும். புளிப்பு மண்ணில் இரும்பு தாராளமாகக் கரைந்து கிடக்கும். சிங்கப்பூரின் செம்மண் புளிப்பானது, இரும்பு நிறைந்தது. ஊரில் சுண்ணாம்பு கலந்த கரிசலில் கிடைத்த பலனை இங்கே அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாக்டீரியா வேரைத் தொட்டதும் செடி முழுவதும் எச்சரிக்கை அடைகிறது. நோய் வேறொரு பக்கத்திலிருந்து வந்தாலும் செடி வேகமாகத் தற்காத்துக்கொள்கிறது. 1991-இல் கார்னேஷன் பூச்செடியிலும் வெள்ளரியிலும் இதைத் தனித்தனியாக நிரூபித்தார்கள்.

இந்த நான்கும் நோய் வருவதற்கு முன்னால் நடக்க வேண்டியவை. அதனால் சரியான நேரம் விதை, நாற்று, நடவு. ஊரில் நன்றாகப் பலன் பார்க்கிறவர்கள் விதை நேர்த்தியிலேயே தொடங்கிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆலன் கெர் கண்டுபிடித்த கே84 பாக்டீரியா இதற்கு நல்ல சாட்சி. மரத்தின் அடியில் கட்டி கட்டியாக வரும் கழலை நோய்க்கு எதிராக நாற்றின் வேரை அதில் நனைத்து நட்டால் காக்கும். ஆனால் கழலை வந்த மரத்தில் ஊற்றினால் ஒன்றும் நடக்காது.

ஐயா, உங்கள் மண் வறுவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோதுமையில் வேரைக் கருக்கிப் பயிரையே கொல்லும் ஒரு பூஞ்சை நோய் உண்டு. ஒரே நிலத்தில் கோதுமையைத் தொடர்ந்து போட்டால் சில ஆண்டுகள் நோய் ஏறும், பிறகு தானாக இறங்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜேம்ஸ் குக், டேவிட் வெல்லர் போன்றவர்கள் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நோயைத் தாங்கும் அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து வேறு மண்ணில் கலந்தால் அதற்கும் அந்தக் குணம் வந்தது. அதையே 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினால் குணம் போய்விட்டது. காத்துக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர்கள் சூடோமோனாஸ் வகைகள். மண்ணை வறுத்தால் கெட்டவனோடு காவலாளியும் போகிறான். பந்தி காலியாக இருக்கும், அடுத்து யார் வந்தாலும் உட்காரலாம். பித்தியம் மிக வேகமாக வந்து உட்காரும்.

உட்லண்ட்ஸ்_மண்வெட்டி
செவ்வாய், காலை 6:55

தம்பி, இருபது வருசமா வறுத்துக்கிட்டு இருக்கோம். நாத்து ஒரே நாள்ல பாதி படுத்துக்கிடக்கிறதுக்கு விதைதான் காரணம்னு நெனைச்சேன். வறுத்த மண்ணை இனிமே என்ன செய்யலாம்?

வேர்_கண்
செவ்வாய், மதியம் 12:45

வறுத்ததைத் தூக்கிப் போட வேண்டாம் ஐயா. நான்கு பங்குக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய உரம் கலந்து, லேசாக ஈரப்படுத்தி இரண்டு வாரம் மூடி வையுங்கள். மக்கிய உரத்திலேயே நல்ல கூட்டம் இருக்கிறது. அதன்பின் விதை போடுங்கள். மக்காத உரம் மட்டும் வேண்டாம், பித்தியத்துக்கு அது விருந்து.

அங்மோகியோ_வெற்றிலை
செவ்வாய், இரவு 8:30

டிரைக்கோடெர்மா பூஞ்சை என்பது இவ்வளவு நாள் தெரியாது, நன்றி. ஆனால் பஞ்சகவ்யத்தைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே? என் கொடி அதனால்தான் நிற்கிறது என்று நம்புகிறேன். பாக்கெட்டில் விற்கும் தூளைவிட அது உயிருள்ளது.

வேர்_கண்
செவ்வாய், இரவு 9:50

அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் பாட்டியும் செய்வார். பஞ்சகவ்யத்தில் நுண்ணுயிர் நிறைய உண்டு, செடிக்கு ஊட்டமும் உண்டு. ஆனால் எந்த உயிர், எவ்வளவு என்பது ஒவ்வொரு பானையிலும் மாறும். ஒரு குறிப்பிட்ட வேர்நோய்க்கு எதிராக, வேலை செய்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த ஓர் இனத்தைத்தான் தூளாக்குகிறார்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற ஒரே பெயருக்குள் ஆயிரம் இனங்கள் உண்டு. ஜப்பானியர் நாட்டோ என்று சாப்பிடும் புளித்த சோயாவில் இருப்பதும் அதே பேசில்லஸ்தான். அதற்காக நாட்டோவைக் கரைத்து ஊற்றினால் வேரழுகல் நிற்கும் என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்த பி.எஃப்.1 என்ற சூடோமோனாஸ் இனம் தமிழ்நாட்டில் பரவலாகப் பயன்படுவதற்குக் காரணம் பெயர் இல்லை, வயலில் அது காட்டிய வேலை.

உங்கள் கொடி இம்முறை நிற்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். மூன்றாவது தடவை தொட்டியை மாற்றினீர்களா?

அங்மோகியோ_வெற்றிலை
செவ்வாய், இரவு 10:15

மாற்றினேன். அடியில் ஓட்டை பெரியதாக உள்ள மண்தொட்டி, அடியில் ஓட்டுச்சில் போட்டு. கீழே தட்டு வைக்கவில்லை, கொசு வரும் என்று.

உட்லண்ட்ஸ்_மண்வெட்டி
செவ்வாய், இரவு 10:21

பாத்தியா, வாய்க்கால்!

ஜூரோங்_கீரை
புதன், காலை 11:00

நான் மண்ணே இல்லாமல் வளர்க்கிறேன். பால்கனியில் குழாய் அமைப்பு, லெட்டூஸ், சாய் சிம். வேர் வெள்ளையாக இருந்தது இப்போது பழுப்பாகி வழவழ என்றாகிவிட்டது, துர்நாற்றம் வருகிறது. கடையில் வாங்கிய பாக்டீரியாத் திரவத்தை மூன்று தடவை ஊற்றினேன், மாற்றம் இல்லை. பாட்டிலின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்த தேதியைப் பிறகுதான் பார்த்தேன், ஏழு மாதத்துக்கு முன்பே காலாவதி. கடைக்காரர் "இதெல்லாம் கெட்டுப்போகாது" என்றார்.

வேர்_கண்
புதன், இரவு 8:10

கெட்டுப்போகும். அது உயிர். சூடோமோனாஸ் வித்து உண்டாக்காது. தூளாக இருந்தால்கூடச் சில மாதங்களில் எண்ணிக்கை சரிந்துவிடும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. பேசில்லஸ் கெட்டியான உறையோடு வித்தாகித் தூங்கும், அதனால் வருடக்கணக்கில் தாங்கும். சிங்கப்பூர்க் கடையிலும் மேற்கு வெயில் படும் தாழ்வாரத்திலும் பேசில்லஸ்தான் நம்பகமானது. தொட்டி மண் மதியத்தில் 40 டிகிரியைத் தொட்டால் சூடோமோனாஸுக்கு அது வாழுமிடம் இல்லை.

உங்கள் நோய் பித்தியம் மாதிரி தெரிகிறது. அது உண்மையான பூஞ்சைகூட அல்ல, நீரில் நீந்தும் வித்து விடும் தனிக் குலம். தண்ணீர் எத்தனை டிகிரி என்று அளந்தீர்களா? 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வாயு கரையும், 30 டிகிரியில் ஏழரை. வேருக்கு மூச்சு குறையும் அதே நேரம், வெப்பம் விரும்பும் பித்தியத்துக்குக் கொண்டாட்டம். தொட்டியை நிழலுக்கு மாற்றி, குழாயை வெள்ளைத் தாளால் சுற்றி, காற்றுக் குமிழி ஓடவிடுங்கள். பழைய வேரையெல்லாம் எடுத்து, அமைப்பையே கழுவுங்கள். அதன்பின் புது நாற்று வைக்கும் அன்றே பேசில்லஸைச் சேர்த்தால் அதற்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அழுகிய வேரில் ஊற்றியது வீண்தான்.

தோபாயோ_செவிலி
வியாழன், காலை 9:35

இவ்வளவு பேசுகிறீர்கள், அக்காவின் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். சூடோமோனாஸ் என்று கேட்டாலே எனக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் ஞாபகம் வரும். அதோடு மெலியோய்டோசிஸ். இங்கே மண்ணிலேயே இருக்கும் பாக்டீரியாவால் வரும் நோய். கனமழைக்குப் பிறகு கூடும், நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். நம் சமூகத்தில் எத்தனை வீட்டில் சர்க்கரை நோய் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வெறுங்கையோடு சேற்றில் வேலை செய்யும் பெரியவர்களைப் பார்த்தால் பதறுகிறது.

வேர்_கண்
வியாழன், இரவு 9:20

இதைக் கேட்டதற்கு மிகவும் நன்றி அக்கா, நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மருத்துவமனையில் நீங்கள் பார்ப்பது சூடோமோனாஸ் ஏருஜினோசா. தூளில் இருப்பது ஃபுளோரசன்ஸ். உடல் வெப்பமான 37 டிகிரியில் அது சரியாக வளராது, ஆரோக்கியமான மனிதருக்கு நோய் தருவது மிக அரிது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் அதையும் தொடாமல் இருப்பதே நல்லது. தூளைக் காற்றில் பறக்கவிடாமல் முகக்கவசம் போட்டுக் கரைக்க வேண்டும்.

மெலியோய்டோசிஸ் கிருமியையும் 1992 வரை சூடோமோனாஸ் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள், பிறகு பர்க்ஹோல்டேரியா என்று பிரித்தார்கள். அந்த நோயை 1912-இல் ரங்கூனிலிருந்து முதலில் விவரித்தவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும். இரண்டாவது பெயரை நம்மவர்களே மறந்துவிட்டோம். அந்தக் குடும்பத்தின் இன்னோர் உறுப்பினரான பர்க்ஹோல்டேரியா செபாசியாவைப் பயிருக்கு நல்லது என்று ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள். நுரையீரல் நோயாளிகளுக்கு அது ஆபத்து என்று தெரிந்ததும் அமெரிக்காவில் கட்டுப்பாடு வந்தது. செடிக்கு நல்லது என்பதாலேயே மனிதருக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் ஊரில் சிலர் செய்வதுபோல, தூளை வெல்லத் தண்ணீரில் போட்டு டிரம்மில் பல நாள் பெருக்கி ஊற்றுவதை வீட்டில் செய்யாதீர்கள். அதற்குள் வேறு என்ன வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது.

தோபாயோ_செவிலி
வியாழன், இரவு 10:05

கையுறை, மூடிய காலணி, புண் இருந்தால் நீர் புகாத கட்டு, வேலை முடிந்ததும் சோப்பு. மழைக்குப் பிறகு தோட்டத்தில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்து நீடித்தால் மருத்துவரிடம் "மண்ணில் வேலை செய்தேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையையே மாற்றும்.

பொங்கோல்_கத்தரி
வெள்ளி, காலை 8:00

என் மாமனாருக்குச் சர்க்கரை. செருப்போடுதான் தோட்டத்துக்கு வருவார். நேற்று இரவே பூட்ஸ் வாங்கிவிட்டேன்.

அண்ணன் தூளை அனுப்பலாமா என்பதற்கும் சொல்லுங்களேன். பிறகு அந்தப் பாத்தியில் என்ன போடலாம்?

வேர்_கண்
வெள்ளி, மதியம் 1:15

தபாலிலோ பெட்டியிலோ வேண்டாம். மண், வேரோடுள்ள செடி, நுண்ணுயிர் இவற்றைக் கொண்டுவருவது இங்கே தாவரக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. முதலில் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்க வேண்டும். உள்ளூர் நாற்றுப்பண்ணைகளிலேயே பேசில்லஸ் கிடைக்கிறது. பாட்டிலில் இனத்தின் பெயரும், ஒரு கிராமுக்கு எத்தனை உயிர் என்ற எண்ணும், தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் வாங்காதீர்கள்.

அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதுவும் வேண்டாம். இந்தக் கிருமி ஈரமண்ணில் பல ஆண்டு இருக்கும், 200-க்கும் மேற்பட்ட செடிவகைகளைத் தாக்கும். இஞ்சியையும் தவிருங்கள். மேடாக்கிய பிறகு வெண்டை, கங்கோங், தண்டுக்கீரை போடலாம். கத்தரி இல்லாமல் முடியாது என்றால் ஒட்டுக் கட்டுங்கள். சுண்டைக்காய்ச் செடியின் வேர் இந்த வாடலை நன்றாகத் தாங்கும், அதன்மேல் கத்தரியை ஒட்டலாம். தைவானில் உள்ள காய்கறி ஆய்வு மையம் தக்காளியை ஈஜி 203 என்ற கத்தரி வேரில் ஒட்டச் சொல்வதும் இதே நோய்க்காகத்தான். என்னைக் கேட்டால், ரால்ஸ்டோனியாவுக்கு எந்த பாக்டீரியாவையும்விட நம் சுண்டைக்காய்தான் பலமான பதில்.

பேசில்லஸை நாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் சூடோமோனாஸுக்குச் சொல்லும் அளவு கிலோ விதைக்கு 10 கிராம். வடித்த கஞ்சியில் விதையைப் புரட்டித் தூளை ஒட்டவைத்து நிழலில் உலர்த்துவார்கள். உங்கள் பாட்டிலில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

ஜூரோங்_கீரை
வெள்ளி, இரவு 7:40

குழாய்த் தண்ணீரில் கரைத்தால் குளோரினில் பாக்டீரியா செத்துவிடாதா? ஓர் இரவு திறந்து வைத்தால் போய்விடும் என்கிறார்களே.

வேர்_கண்
வெள்ளி, இரவு 8:25

நம் குழாயில் வருவது குளோரமின், ஓர் இரவில் பறந்துபோகாது. மீன் வளர்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் ஒரு கைப்பிடி மக்கிய உரத்தைத் தண்ணீரில் கலக்கி வடித்தால் அந்தக் கரிமப்பொருளே அதைப் பெரும்பாலும் தின்றுவிடும். பேசில்லஸ் வித்து அந்த அளவைச் சாதாரணமாகத் தாங்கும். கரைத்ததை அன்றே, வெயில் இறங்கியபின் ஊற்றுங்கள். வாளியில் மீதி வைக்காதீர்கள், கொசு வரும்.

பொங்கோல்_கத்தரி
ஏழு வாரம் கழித்து, சனி, மாலை 5:30

எல்லோருக்கும் தகவல் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டுக் கத்தரியில் ஆறு போய்விட்டன. இரண்டு நிற்கின்றன, ஒன்று காய்த்தும் விட்டது. ஐயா ஒரு சனிக்கிழமை தன் மண்வெட்டியோடு உட்லண்ட்ஸிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வந்து பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கொடுத்தார், வாய்க்காலும் வெட்டினார். இப்போது வாளித் தண்ணீர் பத்து நிமிடத்தில் இறங்குகிறது. அதில் வெண்டை முழங்கால் உயரம்.

பொங்கலுக்குத் தேக்காவில் வாங்கிய மஞ்சள் கொத்தின் கிழங்கையும் தொட்டியில் வைத்தேன், பேசில்லஸ் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு. இரண்டு முளை வந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்தேன். ஒரே மண், ஒரே விதை, இரண்டு தட்டு, தட்டுக்கு 20 தக்காளி விதை. ஒன்றில் பேசில்லஸ் தூள் புரட்டிய விதை, மற்றதில் வெறும் கஞ்சி புரட்டியது. மகள்தான் எண்ணினாள். முளைத்து மூன்றாம் வாரம் நின்றவை தூள் போட்டதில் 17, போடாததில் 11. விழுந்தவை எல்லாம் அடித்தண்டு நூல்போல இளைத்து விழுந்தன.

வேர்_கண்
சனி, இரவு 9:00

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன் அக்கா. அடித்தண்டு இளைத்து விழுவது நாற்றழுகல். பேசில்லஸ் நன்றாக வேலை செய்யும் இடம் அதுதான். ஆனால் 20 விதை கொஞ்சம், ஒரே தடவை வேறு. இரண்டு தட்டும் பக்கத்துப் பக்கத்திலா இருந்தன?

பொங்கோல்_கத்தரி
சனி, இரவு 9:25

இல்லை தம்பி, நீங்கள் கேட்டபிறகுதான் உறைக்கிறது. தூள் போடாத தட்டு தாழ்வார ஓரத்தில் இருந்தது, சாரல் அடிக்கும் பக்கம். இன்று ராத்திரியே மறுபடி போடுகிறோம். ஆறு தட்டு, மூன்று அப்படி மூன்று இப்படி, இடம் மாற்றி மாற்றி. எந்தத் தட்டு எது என்று எனக்கே சொல்லாமல் மகள் அடியில் எழுதி வைத்துக்கொள்கிறாளாம்.

உட்லண்ட்ஸ்_மண்வெட்டி
சனி, இரவு 9:40

பாப்பாகிட்ட சொல்லு, தாத்தா வீட்டுலயும் ஆறு தட்டு போடுறேன். மூணுல வறுத்த மண்ணு, மூணுல வறுக்காதது. எண்ணிக்கையை இங்கேயே எழுதுறேன்.